அப்பாவின் கைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பச்சிளங்குழந்தைகளுக்கு மசாஜ் செய்வது பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. வாசித்துக்கொண்டே இரண்டு இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். முதல் கோடு, மசாஜ் செய்தால் எடை கூடும், எலும்பு வலுக்கும், மூளை சுறுசுறுப்பாகும், நோயே அண்டாது என்று அடுக்கியிருந்த பத்திக்கு. இரண்டாவது கோட்டைக் கட்டுரை நெடுகவே போட வேண்டியிருந்தது. வரிக்கு வரி 'தாய்மார்களே' என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா என்ற சொல் ஒரே ஒருமுறை வந்தது, அதுவும் துண்டு எடுத்துக் கொடுப்பதற்காக.

நான் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுப்பது தொழில். எதையும் மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்த பிறகே 'சரி' என்று சொல்லிப் பழகியவன். அதனால் கடிதம் கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அப்பாக்களைப் பற்றி எழுதியிருப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எங்கள் மகள் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1 கிலோ 340 கிராம். தினமும் நான் கையில் எடுக்கும் பெரிய சக் சாவி ஏறக்குறைய அந்த எடைதான் இருக்கும். ஆபரேஷன் முடிந்த மனைவி வேறு வார்டில். அவளால் இரண்டு நாள் எழுந்து வர முடியவில்லை. ஆக, பிள்ளையை முதலில் பார்த்தவன் நான். பார்த்தேன் என்றால், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒயர்களுக்கு நடுவே ஒரு குல்லாயைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைக்க வட்டமாக இரண்டு துளைகள் இருக்கும். பொறுப்பில் இருந்த சிஸ்டர் முழங்கை வரை கையைக் கழுவச் சொன்னார். கழுவினேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், வார்ப்பிரும்புத் தூள் ரேகைக்குள் இறங்கிவிட்டால் எந்த சோப்புக்கும் வராது. உள்ளங்கையில் வெடிப்பு, விரல் நுனியில் காய்ப்பு. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வேண்டாம் சிஸ்டர், என் கை ரொம்பச் சொரசொரப்பு" என்றேன். அவர் என் கையை இழுத்துப் பார்த்தார். "சொரசொரப்பு இருந்தா பரவாயில்லை. சில்லுனுதான் இருக்கக் கூடாது. நல்லாத் தேய்ச்சுச் சூடாக்கிக்கிட்டு வாங்க" என்றார்.

உள்ளே கையை விட்டு ஒரு விரலால் பிள்ளையின் தோளை மெல்ல வருடினேன். பூவைத் தொடுவதுபோலத் தொட வேண்டும் என்பதுதானே நம் எல்லோருடைய நினைப்பும். அவள் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டாள். மேலே திரையில் 150ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருந்த இதயத்துடிப்பு 180ஐத் தாண்டியது. நான் கையை வெளியே இழுக்கப் போனேன். சிஸ்டர் விடவில்லை. "தடவாதீங்க. ஒரு கையைத் தலையைச் சுத்தி வையுங்க. இன்னொரு கையால ரெண்டு காலையும் மடக்கிச் சேர்த்துப் பிடிங்க. அவ்வளவுதான், சும்மா வெச்சிருங்க."

வைத்திருந்தேன். அந்தத் தலை என் உள்ளங்கைக் குழிக்குள் அடங்கிவிட்டது. 174. 168. கை மரத்துப்போகத் தொடங்கியது, அசைக்கவில்லை. 155. காலை உதைத்துப் பார்த்தாள், என் கையில் பட்டது, நிறுத்திக்கொண்டாள். 148 வந்ததும் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். தூங்கியிருந்தாள்.

பிறகு சிஸ்டர் காரணம் சொன்னார். வயிற்றுக்குள் கைகால் நீட்டினால் எந்தப் பக்கமும் சுவர் தட்டும். வெளியே வந்தால் எங்கே நீட்டினாலும் வெறும் காற்று. அந்தச் சுவரைத்தான் நம் கை திருப்பிக் கொடுக்கிறது. குறைமாதப் பிள்ளைக்கு லேசாக வருடுவது கூச்சமும் எரிச்சலும் ஊட்டும், நிலையான மிதமான அழுத்தம்தான் அமைதி தரும். ஐம்புலன்களில் கருவில் முதலில் விழிப்பது தொடு உணர்வு. ஏறக்குறைய 8 வாரத்திலேயே உதட்டைச் சுற்றித் தொடங்கிவிடும் என்கிறார்கள். கண் சரியாகத் தெரியாத அந்த நாட்களில் பிள்ளைக்கு அப்பா என்பது ஒரு சூடும் ஒரு அழுத்தமும்தான்.

மிதமான அழுத்தம் என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மைக்ரோமீட்டரின் வால் முனையில் ராட்செட் என்று ஒன்று உண்டு. திருகிக்கொண்டே போனால் போதுமான அழுத்தம் வந்ததும் டிக் டிக் என்று தானாக வழுக்கும், அதற்கு மேல் இறுகாது. புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் ராட்செட்டை விட்டுவிட்டு நடுத்தண்டைப் பிடித்துத் திருகி, அளவைத் தப்பாகச் சொல்வார்கள். பிள்ளையின் தோலும் ஒரு ராட்செட்தான். சதை லேசாக உள்ளே போய்க் கையோடு நகரும், தோல் இழுபடாது, சிவக்காது. அந்த இடம் கைக்குத் தெரிந்துவிடும். தெரிய எனக்கு நாலைந்து நாள் ஆனது.

அந்த வாரங்களில் இரவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஃபோனில் படித்ததுதான் பட்டறைக்கு வெளியே நான் படித்த பெரிய படிப்பு. கட்டுரையில் வந்த 'எடை கூடும்' என்ற பேச்சுக்கு மூலம் பெரும்பாலும் 1986இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளர் தலைமையில் நடந்தது. குறைமாதக் குழந்தைகள் 40 பேர். பாதிப் பேருக்கு ஒரு நாளில் மூன்று முறை, முறைக்கு 15 நிமிடம், 10 நாள் உடம்பைத் தடவி, கைகால்களை மடக்கி நீட்டினார்கள். அவர்கள் மற்றவர்களைவிட ஒரு நாளைக்கு 47 சதவீதம் அதிகமாக எடை போட்டார்கள், 6 நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் குடித்த பாலின் அளவு கூடவில்லை என்பது. அழுத்தம் மூளையிலிருந்து வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பைத் தூண்டுகிறது, அதனால் குடலும் செரிமானமும் நன்றாக வேலை செய்கின்றன என்பது அவர்கள் பிறகு கொடுத்த விளக்கம்.

அதே குழுவில் இருந்த சால் ஷான்பெர்க் என்ற விஞ்ஞானி முன்பு எலிக்குஞ்சுகளை வைத்து ஒன்றைக் கண்டிருந்தார். தாயிடமிருந்து பிரித்தால் குஞ்சின் உடலில் வளர்ச்சிக்கான நொதி குறைந்துவிடும். சூடு கொடுத்தாலும் அது திரும்பாது. ஈரத் தூரிகையால் அழுத்தி நீவிவிட்டால் திரும்பிவிடும். தாய் எலி நாக்கால் நக்குவதைத் தூரிகை செய்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் அளவுக்காரன் புத்தி அங்கே நிற்காது. 2004இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பினர் குறைமாதக் குழந்தைகளுக்கான மசாஜ் ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு எடை 5 கிராம் அளவுக்குக் கூடுகிறது, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் நாலரை குறைகிறது என்று வந்தது. கூடவே, ஆய்வுகள் நடந்த விதம் அவ்வளவு திருப்தியாக இல்லை, அதனால் எல்லா இடத்திலும் செய்யுங்கள் என்று பரிந்துரைக்க முடியாது என்றும் எழுதினார்கள். 2013இல் ஆறு மாதத்துக்குக் குறைந்த, நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளுக்கான 34 ஆய்வுகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கேயும் அதே கதை. பல ஆய்வுகளின் தரம் சுமார், உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் முடிவு. உங்கள் கட்டுரையில் இருந்த அந்த நீண்ட வரிசைக்கு முன்னால் இந்த இரண்டு வரியையும் போட்டிருக்கலாம்.

எங்கள் பிள்ளையின் எடையையும் பட்டறை நோட்டில் எழுதிவைத்தேன். 14 கிராம், 22, 9, 27, ஒரு நாள் கீழே போய் மைனஸ் 5. மசாஜ் நடந்த நாளுக்கும் நடக்காத நாளுக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரே ஒரு பீஸைக் கடைந்து பார்த்து ஒரு மெஷினைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது, அதுவும் தெரியும்.

எடை குறைந்த பிள்ளைக்கு இதைவிட உறுதியான சான்று உள்ள ஒன்று இருக்கிறது, கட்டுரையில் அதைக் காணோம். தோலோடு தோலாக நெஞ்சில் வைத்துக்கொள்வது, கங்காரு பராமரிப்பு என்பார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் எட்கார் ரே என்ற டாக்டர் தொடங்கியது. இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் பிள்ளைகளைச் சேர்த்துப் படுக்கவைத்துக்கொண்டிருந்த இடத்தில் பிறந்த யோசனை. உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து, ஐந்து நாடுகளில் ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,200க்கும் அதிகமான குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. பிறந்தவுடனேயே கங்காரு முறையைத் தொடங்கிய பிள்ளைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். நிலைமை சீரான பிறகு தொடங்கியவர்களில் 15.7 சதவீதம். அங்கே தாயால் முடியாதபோது குடும்பத்தில் இன்னொருவர் நெஞ்சு கொடுத்தார். எங்கள் வீட்டில் அது நான். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பேன். கூலன்ட் வாடை போக இரண்டு தரம் குளித்துவிட்டுத்தான் போவேன், இருந்தாலும் லேசாக வரும். பிள்ளை அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

சரி, எடைக் கணக்கு இவ்வளவுதான் என்றால் வீட்டுக்கு வந்த பிறகும் ஏன் விடாமல் செய்தாய் என்று கேட்கலாம்.

38 நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். வந்த பிறகுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பிள்ளையைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. திரை இல்லை, எண் இல்லை. அழுதால் பசியா, தூக்கமா, வலியா? மசாஜ்தான் எங்களுக்கு அகராதியாக இருந்தது. தினமும் காலையில் ஒரே நேரத்தில், தரையில் விரிப்புப் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவேன். உடனே தொடக் கூடாது. உள்ளங்கைகளை அவள் காதுக்குப் பக்கத்தில் சரசரவென்று தேய்ப்பேன். என் கை தேயும் சத்தம் உப்புத்தாள் சத்தம் மாதிரிதான் இருக்கும், ஆனால் இரண்டு வாரத்தில் அவள் அதைக் கண்டுகொண்டாள். சத்தம் கேட்டதும் கால் ஆடும். அப்படி ஆடினால் சரி என்று அர்த்தம்.

'வேண்டாம்' என்பதற்கும் அவளிடம் சொல் இருந்தது. உள்ளங்கையைக் காட்டி ஐந்து விரலையும் விறைப்பாக விரிப்பாள், போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவதுபோல. முகத்தைத் திருப்பிக்கொள்வாள். விக்கல் எடுக்கும். முதுகை வில்லாக வளைப்பாள். இவை எல்லாமே போதும் என்ற சேதிதான் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்போது நிறுத்திவிட வேண்டும். எண்ணெய் தடவிய கால் ஒன்று, தடவாத கால் ஒன்று என்று பாதியில் எழுந்த நாட்கள் நிறைய. கட்டுரையில் 'பத்து முதல் பதினைந்து நிமிடம் செய்யவும்' என்று மருந்துச் சீட்டு மாதிரி எழுதியிருந்தார்கள். சில நாள் எங்களுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைத்தது.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முடி முளைக்கும் தோலில் ஒரு வகை மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. வலி, சூடு இவற்றைச் சொல்வது அவற்றின் வேலை இல்லை, இதமான வருடலுக்குத்தான் அவை துடிக்கும். அதுவும் நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடம்புச் சூடுள்ள கை நகர்ந்தால்தான் நன்றாகத் துடிக்கும். ஃபோனில் ஸ்டாப் வாட்ச்சை வைத்துப் பார்த்தேன். அவள் தோளிலிருந்து மணிக்கட்டு வரை 14 சென்டிமீட்டர். நான் அதை ஒரே நொடியில் இழுத்துக்கொண்டிருந்தேன், வேலையை முடிக்கும் அவசரம். லேத்தில் ஃபீட், அதாவது உளி நகர்வது, வேகமாகப் போனால் மேற்பரப்பில் கோடு விழும். மெதுவாக்கினேன், நாலைந்து நொடி. 2016இல் வந்த ஓர் ஆய்வில், பெற்றோர் தங்கள் பிள்ளையைத் தடவும்போது யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்த மெதுவான வேகத்தில்தான் தடவுகிறார்கள் என்றும், ஒரு செயற்கைக் கையைத் தடவச் சொன்னால் வேகம் கூடிவிடுகிறது என்றும் கண்டார்கள். அப்படியென்றால் முதல் வாரங்களில் என் பிள்ளையை நான் பட்டறையில் கடைந்து முடித்த ஒரு ஜாப்பைத் துடைப்பதுபோலத் துடைத்திருக்கிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. வேகம் மாறியபோது மாறியது நான்.

மாலை அழுகைக்கு வயிற்றைத் தடவுவதும் செய்தோம். கடிகாரம் சுற்றும் திசையில் வட்டமாக, ஏனென்றால் பெருங்குடல் வலது அடிவயிற்றிலிருந்து மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கம் இறங்குகிறது. பிறகு இரண்டு முழங்காலையும் மடக்கி வயிற்றோடு சேர்த்து மெல்ல அழுத்துவது. காற்றுப் பிரியும், சில நாள் அழுகையும் நிற்கும், சில நாள் நிற்காது. மூன்று நான்கு மாதத்தில் அந்த அழுகை எல்லாப் பிள்ளைகளுக்குமே பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும். குறைத்தது என் கையா, நாட்காட்டியா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை.

இனி என் மனைவியைப் பற்றி. அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன், முதல் வரைவைத் திருத்தியதும் அவள்தான்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பிள்ளையைத் தூக்கப் பயந்தாள். பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள், என்னிடம் நீட்டுவாள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு நாள், "அவளுக்கு என்னைத் தெரியாதுங்க. சிஸ்டருங்களைத் தெரியும், உங்களைத் தெரியும். நான் யாரோ" என்றாள். டாக்டரிடம் போனோம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்றார். மருந்தும் ஆலோசனையும் தொடங்கின. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிள்ளைக்கு மசாஜ் செய்தாலே தாயின் மனச்சோர்வு போய்விடும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிகிச்சை சிகிச்சைதான். ஆனால் கூடவே கைக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று அந்த டாக்டரே சொன்னார். லண்டனில் மனச்சோர்வு இருந்த 34 தாய்மார்களை வைத்து நடந்த ஒரு சிறு ஆய்வு 2001இல் வெளியாகியிருக்கிறது. வாரம் ஒரு மசாஜ் வகுப்பு, ஐந்து வாரம். ஆதரவுக் குழுவுக்கு மட்டும் போனவர்களைவிட, வகுப்புக்கும் சேர்த்துப் போனவர்களுக்குப் பிள்ளையோடு பழகும் விதம் நன்றாகத் தேறியிருந்தது, சோர்வும் குறைந்திருந்தது.

முழு உடம்பு அவளுக்கு மலைப்பாக இருந்தது. அதனால் பாதம் மட்டும் என்று வைத்துக்கொண்டோம், அதுவும் ஒரு பாதம். மற்றதை நான் பிடித்திருப்பேன். குதிகாலிலிருந்து விரல் வரை கட்டைவிரலால் மெல்ல நீவச் சொன்னேன். நீவினாள். பிள்ளையின் ஐந்து விரலும் பிரிந்து விரிந்தன. எல்லாப் பச்சைக் குழந்தைக்கும் அப்படித்தான் விரியும், நரம்பு வளர்ச்சியின் சாதாரண அடையாளம், அதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. அவள் மறுபடி நீவினாள், மறுபடி விரிந்தது. "விசிறி மாதிரி விரிக்கிறா பாருங்க" என்று சிரித்தாள். ஏழு வாரத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. பிறகு என் கையிலிருந்த பாதத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இன்றைக்கு அந்த நாட்களைப் பற்றிப் பேசினால், பிள்ளை தன்னை அடையாளம் கண்டுகொண்டது அந்தப் பாதத்தில்தான் என்பாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையில் தோலுக்கு ஊட்டம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மான்செஸ்டரில் நிறைமாதக் குழந்தைகள் 115 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015இல் வந்தது. நான்கு வாரம் ஆலிவ் எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ தடவிய பிள்ளைகளுக்குத் தோலில் ஈரப்பதம் கூடியிருந்தது. ஆனால் தோலின் பாதுகாப்புச் சுவராக அமையும் கொழுப்பு அடுக்கு, எதுவும் தடவாத பிள்ளைகளுக்கு இருந்த அளவு ஒழுங்காக அமையவில்லை. இன்னொரு பக்கம், 2005இல் வங்கதேசத்தில் மிகக் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது ஆஸ்பத்திரியில் தொற்று 41 சதவீதம் குறைந்தது. இரண்டும் வேறு வேறு பிள்ளைகள், வேறு வேறு தோல். அதனால் என்ன தடவுவது, தடவலாமா என்பதை நம் பிள்ளையின் தோலைப் பார்த்த டாக்டரிடம் கேட்பதுதான் முறை. எங்களுக்கு முதல் மாதம் எண்ணெயே வேண்டாம், வெறும் கை போதும் என்றார்கள். வறட்சியோ கரப்பானோ இருந்தால் ஆலிவ் எண்ணெய் கூடாது என்றும் சொன்னார்கள். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடவே கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். மார்புக் காம்பைப் பிதுக்குவதும் ஆபத்து, சீழ் பிடித்துவிடும்.

கட்டுரையோடு வந்த படத்தில் குழந்தை கட்டிலின் ஓரத்தில் கிடக்கிறது. எண்ணெய்க் கையில் பிள்ளை எப்படி வழுக்கும் என்று படம் எடுத்தவருக்குத் தெரியாது போலிருக்கிறது. தரைதான் நல்லது. பால் குடித்து முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காய்ச்சல் அன்றைக்கு வேண்டாம். தடுப்பூசி போட்ட இடத்தை இரண்டு நாள் தொட வேண்டாம். உச்சிக்குழியில் அழுத்தவே கூடாது.

இனி அந்த இரண்டாவது கோடு.

மகளை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போகும்போது வெளிநோயாளிப் பிரிவில் ஒரு பலகை மாட்டியிருப்பார்கள். 'சிசு மசாஜ் பயிற்சி, புதன் காலை 11 மணி, தாய்மார்களுக்கு மட்டும்.' என் மனைவி உள்ளே போவாள், நான் பையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பேன். பிள்ளையின் முதல் ஐந்து வாரமும் அவளைத் தொட்டுக்கொண்டிருந்தவன் நான். கேட்டேன். "உள்ளே மத்தவங்க பால் கொடுப்பாங்க, சங்கடப்படுவாங்க சார்" என்றார்கள். நியாயமான பதில், மறுக்கவில்லை. அப்படியானால் அப்பாக்களுக்கு வேறொரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா? "கேட்டு யாரும் வர்றதில்லையே" என்றார்கள். புதன்கிழமை காலை 11 மணிக்கு, தாய்மார்களுக்கு மட்டும் என்று எழுதிய பலகையைப் பார்த்துவிட்டு எந்த அப்பா வருவான்?

அந்தக் கதவுக்கு வெளியே என்னைப் போல இன்னும் நாலு பேர் நிற்பார்கள். ஒருவர் மாதம் இரண்டாகியும் பிள்ளையைத் தூக்கியதே இல்லை என்றார். கழுத்து நிற்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கிறாராம். அம்மாவுக்குப் பாலூட்டுகிற நேரம் இருக்கிறது. எங்களுக்கு, பிள்ளையோடு உட்கார ஒரு காரணம், ஒரு நேரம் என்று எதுவும் இல்லை. மசாஜ் அதைக் கொடுக்கிறது. 1992இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், பிள்ளைக்கு நான்கு வாரம் ஆனபோது மசாஜும் குளிப்பாட்டுவதும் கற்றுக்கொண்ட அப்பாக்களைப் பன்னிரண்டாவது வாரத்தில் பார்த்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அப்பாவைப் பார்த்ததும் கண்ணோடு கண் பார்ப்பதும் சிரிப்பதும் கையை நீட்டுவதும் அதிகமாக இருந்தது. பிரசவத்தை ஒட்டிய மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வருகிறது, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு என்று 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். வராந்தாவில் நின்ற அந்த நாலு பேரில் யாரையாவது எவராவது இதைப் பற்றிக் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

ஆகவே ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால், மாலை ஆறு மணிக்கு மேலோ விடுமுறை நாளிலோ அப்பாக்களுக்கு ஒரு வகுப்பு வையுங்கள். பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு விரிப்பு, கை கழுவத் தண்ணீர், எங்களுக்கு அன்று வாய்த்ததுபோல ஒரு சிஸ்டர். பொம்மையை வைத்துக் கற்றுக்கொடுத்தால் போதாது, தங்கள் பிள்ளையையே கொண்டுவரச் சொல்லுங்கள். பொம்மை விரலை விரித்து 'வேண்டாம்' சொல்லாது.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. அடுத்தமுறை இதைப் பற்றி எழுதும்போது படத்தில் ஓர் அப்பாவின் கையைப் போடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் புகைப்படக்காரரை என் பட்டறைக்கு அனுப்பலாம். மகளுக்கு இப்போது மூன்று வயது, கூப்பிட்டால் வந்து படுத்துக்கொள்வாள். கையைக் கழுவிக்கொண்டுதான் நிற்பேன், ஆனால் ரேகையில் இருக்கும் கறுப்பு போகாது, அதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
லேத் பட்டறை வாசகர் ஒருவர்
(பெயரும் முகவரியும் வெளியிட வேண்டாம்)